வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினக் குழந்தை: கல்லூரி மாணவர் வழித்துணையாக வரும் ஏற்பாடு பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் பெரிய நகரமொன்றை ஒட்டிய புறநகர்ப் பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியை எண்ணிக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் இருபத்திரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரே ஒரு சிறுமி கறுப்பினத்தவள். வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், நூலகர், செவிலியர், உணவுக்கூடத்தில் பரிமாறுபவர் என அவள் நாள் முழுதும் காணும் பெரியவர்கள் அனைவரும் வெள்ளையர். யாரும் அவளை அடிப்பதில்லை, வெளிப்படையாக இழிவுபடுத்துவதும் இல்லை, ஆசிரியர் அன்பானவர்தான். ஆனாலும் காலையில் பள்ளிக்குள் நுழைந்தது முதல் மாலையில் பேருந்தில் ஏறும்வரை தன்னைப் போன்ற முகம் ஒன்றைக்கூட அவள் காண்பதில்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும், மதிய உணவு வேளையில், அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு கறுப்பின மாணவி அவளைத் தேடி வருகிறார். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள், ஒரு புத்தகத்தில் நான்கு பக்கம் படிக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்த மாணவி விடைபெற்றுச் செல்கிறார். அடுத்த வாரம் அதே நாளில், அதே நேரத்தில் மீண்டும் வருகிறார்.

இந்தக் கட்டுரை விளக்க முற்படுவது இந்த எளிய ஏற்பாட்டைத்தான். இப்படி வருபவரை ‘மென்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லாலேயே குறிப்பிடுவோர் உண்டு. ‘வழிகாட்டி’ என்று தமிழாக்குவோரும் உண்டு. எனக்கு ‘வழித்துணை’ என்ற பழஞ்சொல்லே பொருந்துவதாகப் படுகிறது. வழிகாட்டி முன்னே நின்று திசை சொல்பவர்; வழித்துணையோ கூடவே நடந்து வருபவர். எட்டு வயதுக் குழந்தைக்குத் திசை சொல்ல ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் அதற்கு இல்லாதது கூட நடக்கும் ஓர் ஆள்.

இதைத் தனிப்பயிற்சி வகுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. படிப்பில் பின்தங்கிய குழந்தையைக் கைதூக்கிவிடும் திட்டம் என்றே புதிதாகக் கேள்விப்படுவோர் பலரும் முதலில் நினைத்துக்கொள்கிறார்கள். கறுப்பினக் குழந்தை என்றதுமே ‘பின்தங்கிய குழந்தை’ என்று மனம் தானாகப் போய் நிற்பதுதான் அந்தக் குழந்தை நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கலின் ஒரு பகுதி. அவள் வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவளாக இருக்கலாம். இங்கே நிரப்பப்பட வேண்டிய குறை அவளிடம் இல்லை. அவளைச் சூழ்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் எப்படி அப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி வசதிகள் இருக்கலாம், அவை சமமாக இருந்தால் போதும் என்று 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்தனியாக இருந்தன, சமமாக ஒருநாளும் இருந்ததில்லை. 1954 மே 17 அன்று, பிரவுன் வழக்கில், பொதுப்பள்ளிகளில் இனவாரியாகக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. தீர்ப்பு வந்த மாத்திரத்தில் பள்ளிக் கதவுகள் திறந்துவிடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதான ரூபி பிரிட்ஜஸ் என்னும் சிறுமி நியூ ஆர்லியன்ஸ் நகரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் கூட்டாட்சி அரசின் காவல் அலுவலர்களான மார்ஷல்கள் புடைசூழத்தான் நுழைய முடிந்தது. வெள்ளையர் தம் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிச் சென்றுவிட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்னும் வெள்ளை ஆசிரியர் ஒருவர் மட்டும், அந்த ஆண்டு முழுவதும், வேறு மாணவரே இல்லாத வகுப்பறையில் அவளுக்குப் பாடம் நடத்தினார்.

அந்த ஆண்டில் ரூபியைச் சந்தித்து வந்த இன்னொருவரும் இருந்தார். ராபர்ட் கோல்ஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர், தாமாக முன்வந்து அவள் வீட்டுக்குத் தொடர்ந்து சென்று, அவளைப் படம் வரையச் சொல்லி, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அவள் வரைந்த வெள்ளையர்கள் பெரியவர்களாக, கை கால் எல்லாம் சரியாக அமைந்தவர்களாக இருந்தார்கள். கறுப்பினத்தவர்களோ சிறியவர்களாக, ஏதேனும் ஓர் உறுப்பு குறைந்தவர்களாக இருந்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். வழித்துணை ஏற்பாட்டின் இன்றியமையாத இரண்டு கூறுகள் அதிலேயே உள்ளன: தவறாமல் வருவது, வந்து குழந்தையின் கையில் உள்ளதைக் கவனிப்பது.

ரூபியின் காலம் கடந்துவிட்டது. ஆனால் ‘ஒரே குழந்தை’ என்ற நிலை பல ஊர்களில் கடந்துபோகவில்லை. அதற்குப் பெருங்காரணம் வீடு. அமெரிக்காவில் ஒரு குழந்தை எந்தப் பொதுப்பள்ளிக்குப் போகும் என்பதைப் பெரும்பாலும் அதன் வீட்டு முகவரியே முடிவு செய்கிறது. அந்தப் பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் மறுத்தும், விற்பனைப் பத்திரங்களிலேயே இனத்தடை எழுதியும் பல பத்தாண்டுகளாகப் புறநகர்கள் வெள்ளையருக்கென்று காக்கப்பட்டன. நகரத்தையும் புறநகரத்தையும் ஒன்றாக இணைத்துக் குழந்தைகளைக் கலந்து படிக்க வைக்கும் முயற்சி டெட்ராய்ட்டில் எழுந்தபோது, 1974-இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைத் தடுத்துவிட்டது. புறநகர்ப் பள்ளி மாவட்டங்கள், அதாவது உள்ளூர்ப் பொதுப்பள்ளிகளை நடத்தும் நிர்வாகப் பகுதிகள், தாமே இனப்பிரிவினையில் ஈடுபட்டதாக மெய்ப்பிக்கப்படாத நிலையில் அவற்றை வற்புறுத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எனவே பள்ளி மாவட்ட எல்லைகள் இனத்தின் எல்லைகளாகவே பல இடங்களில் நிலைத்துவிட்டன.

விருப்பத்தின் பேரில் அந்த எல்லையைக் கடக்கச் செய்த திட்டங்களும் உண்டு. பாஸ்டன் நகரக் குழந்தைகளைச் சுற்றியுள்ள புறநகர்ப் பள்ளிகளுக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லும் மெட்கோ திட்டம் 1966-இல் 220 மாணவர்களோடும் ஏழு புறநகர்களோடும் தொடங்கியது. இன்று 3,000-க்கும் மேற்பட்டோர் அதன்வழிப் படிக்கிறார்கள். பொழுது விடியுமுன் எழுந்து, நெடுந்தொலைவு பயணம் செய்து, நல்ல ஆய்வகமும் நல்ல நூலகமும் உள்ள பள்ளியில் நாளெல்லாம் விருந்தாளியைப் போல இருந்துவிட்டு, மாலையில் வேறொரு உலகத்துக்குத் திரும்பும் குழந்தைகள் அவர்கள். புறநகரிலேயே வீடு வாங்கிக் குடியேறிய கறுப்பினக் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பேருந்துப் பயணம் இல்லை. தனிமை மட்டும் அதேதான்.

இந்த வரலாற்றில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி இருக்கிறது. பள்ளிகள் கலந்தபோது குழந்தைகள் அனுப்பப்பட்டார்கள், ஆசிரியர்கள் அனுப்பப்படவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட, அங்கே பணியாற்றிய பல்லாயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்குக் கறுப்பினத்தவர் பாடம் நடத்துவதை ஏற்க அந்த ஊர்களின் பள்ளி நிர்வாகங்கள் ஆயத்தமாக இல்லை. அந்த இழப்பு இன்னும் ஈடுசெய்யப்படவில்லை. 2017-18 கல்வியாண்டில் அமெரிக்கப் பொதுப்பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர்; ஆசிரியர்களில் அவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே. கல்லூரி மாணவர் ஒருவர் வாரம் ஒருமுறை தொடக்கப்பள்ளிக்கு வர வேண்டிய தேவையே இந்த வெற்றிடத்திலிருந்துதான் பிறக்கிறது.

சின்னஞ்சிறு குழந்தைக்கு நிறமும் இனமும் தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் தம்பதி, நிறத்தில் மட்டும் வேறுபடும் பொம்மைகளைக் காட்டி மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் கேள்விகள் கேட்டு, முடிவுகளை 1947-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையையே விரும்பினார்கள். பிரவுன் தீர்ப்பில் இந்த வகை ஆய்வுகள் மேற்கோள் காட்டப்பட்டதால் இது புகழ்பெற்றது. அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் ஆர்கன்சாவின் பிரிக்கப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள். மற்றவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் வெள்ளைக் குழந்தைகளோடு கலந்து படித்தவர்கள். கலந்து படித்த வடக்குக் குழந்தைகள் பழுப்புப் பொம்மையை ஒதுக்குவதில் தென்பகுதிக் குழந்தைகளைவிடக் குறைந்தவர்களாக இல்லை. சற்றுக் கூடுதலாகவே இருந்தார்கள். ‘உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது’ என்ற கேள்வி வந்தபோது அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடியவர்களும் இருந்தார்கள். கலந்து உட்கார வைப்பது தேவையானது. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கான சான்று அன்றே கையில் இருந்தது.

இன்றைய வகுப்பறையில் இந்த உணர்வைத் தூண்டுபவை பெரும்பாலும் சிறிய நிகழ்ச்சிகள். பின்னலிட்ட தலைமுடியைக் கேட்காமலே தொட்டுப் பார்க்கும் சக மாணவர்கள். உடல்நிறத்துக்கான வண்ணக்குச்சி என்று இளஞ்சிவப்பு நிறத்தை எடுத்து நீட்டும் பக்கத்து இருக்கைக்காரி. அடிமை முறை பற்றிய பாடம் வரும்போது தன்பக்கம் திரும்பும் இருபத்தொரு முகங்கள். தலைமுடி அற்பமான செய்தி என்று தோன்றலாம். இயல்பான முடி அமைப்பையும் பின்னல்களையும் காரணம் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கவே கலிபோர்னியா 2019-இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸ் உள்ளிட்ட பிற மாநிலங்களும் அதைப் பின்தொடர்ந்தன. குழந்தைகளுக்கான இலக்கியத்தை ஆராய்ந்த ருடீன் சிம்ஸ் பிஷப், புத்தகங்கள் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாக இருப்பதோடு தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்று 1990-இல் எழுதினார். நாம் பேசும் சிறுமிக்கு அந்தப் பள்ளியில் சன்னல்கள் ஏராளம், கண்ணாடிதான் இல்லை.

பெரியவர்களின் பார்வையிலும் ஒரு சாய்வு உண்டு. ஒரே வகையான சேட்டையை வெள்ளைக் குழந்தை செய்தால் ‘துடுக்கு’ என்றும், கறுப்பினக் குழந்தை செய்தால் ‘முரட்டுத்தனம்’ என்றும் படித்துக்கொள்ளும் சாய்வு அது. கூட்டாட்சிக் கல்வித்துறையின் கணக்குப்படி, 2011-12 கல்வியாண்டில் மழலையர் வகுப்புகளில் இருந்த குழந்தைகளில் 18 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். ஒரு முறைக்கு மேல் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டவர்களிலோ அவர்கள் 48 விழுக்காடு. அந்தக் குழந்தைகள் ஐந்து வயதைக்கூடத் தாண்டாதவர்கள். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அந்த வயதுக் குழந்தை வீட்டுக்கு அனுப்பப்படும்போது என்ன புரிந்துகொண்டிருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

ஏன் கல்லூரி மாணவர்? முதற்காரணம் வயது. இருபது வயது இளைஞர் எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவரும் ஆவார், அக்கா அண்ணன் போன்றவரும் ஆவார். மதிப்பெண் போடுவதில்லை, தண்டனை கொடுப்பதில்லை, வீட்டுக்குச் சொல்லிவிடுவார் என்ற அச்சமும் குறைவு. இரண்டாவது காரணம், வெள்ளையர் மிகுந்த ஊர்களில்கூடப் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தால் அங்கே பிற ஊர்களிலிருந்து வந்த கறுப்பின மாணவர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களும் தம் வகுப்பறைகளில் ஒருவராகவோ இருவராகவோ உட்கார்ந்திருப்பவர்கள்தாம். விரிவுரை அறையில் எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்த்த கணத்தை அனுபவித்தவருக்கு, மூன்றாம் வகுப்புச் சிறுமி அதே கணத்தைப் பாதிச் சொல்லில் சொன்னாலும் மீதி புரிந்துவிடும்.

மூன்றாவது காரணம் பணம் சார்ந்தது. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. படித்துக்கொண்டே வேலை செய்து ஊதியம் பெறும் கூட்டாட்சி உதவித்திட்டம் ஒன்று 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்தது. அந்த நிதியில் குறைந்தது 7 விழுக்காட்டைக் கல்லூரிகள் சமூகப் பணிகளில் ஈடுபடும் மாணவர்களின் ஊதியத்துக்குச் செலவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு வாசிப்பில் உதவும் கல்லூரி மாணவர்களின் ஊதியத்தை முழுவதுமாகக் கூட்டாட்சி அரசே ஏற்கும் வழியும் 1997-இல் பிறந்தது. குறைந்த வருமானக் குடும்பத்திலிருந்து வரும் கறுப்பின மாணவரைக் கூலியில்லாத் தொண்டுக்கு அழைப்பது அவருடைய வேலை நேரத்தைப் பறிப்பதாகும். அவருக்கு ஊதியம் கொடுக்கும் திட்டங்களே நீடித்து நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. வளாகத்தில் இருக்கும் சில கறுப்பின மாணவர்களையே ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விழாவுக்கும் அழைத்து அவர்களைச் சோர வைக்கும் வழக்கமும் உண்டு. குழந்தையின் தனிமையைப் போக்க இன்னொருவரின் முதுகில் சுமையேற்றுவது அறமாகாது.

நடைமுறை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வழக்கமாகக் கல்லூரியில் ஓர் ஒருங்கிணைப்பாளரும் பள்ளியில் ஓர் ஆலோசகரும் சேர்ந்து இதை நடத்துவார்கள். வர விரும்பும் மாணவரின் குற்றப் பின்னணி சோதிக்கப்படும். குழந்தைப் பாதுகாப்பு விதிகள் கற்பிக்கப்படும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறப்படும். சந்திப்பு பள்ளி வளாகத்துக்குள்ளேயே, பிறர் கண்ணில் படும் இடத்தில்தான் நடக்கும். குழந்தையின் மதிப்பெண்ணும் ஒழுங்குப் பதிவும் தனியுரிமைச் சட்டத்தால் காக்கப்பட்டவை என்பதால், பெற்றோர் இசைந்தாலன்றி அவை கல்லூரி மாணவர் கைக்குப் போகக் கூடாது. போகாமல் இருப்பதே நல்லதும்கூட. கூட்டாட்சிப் பணம் பெறும் நிறுவனங்கள் இனத்தின் பேரால் ஒருவரை விலக்கக் கூடாது என்று 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் சொல்வதால், ‘கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டும்’ என்று கதவை அடைத்து நடத்துவது சட்டச் சிக்கலை உண்டாக்கும். விரும்பும் எவரும் சேரலாம் என்று திறந்து வைத்து, இந்தத் தேவை யாருக்கு இருக்கிறதோ அவர்களை நினைத்தே திட்டத்தை அமைப்பது பொருத்தமான வழி.

தொடங்கும்போது எழும் நுட்பமான சிக்கல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வகுப்பிலிருந்து ஒரு குழந்தையை மட்டும் பெயர் சொல்லி வெளியே அழைத்தால், ஏற்கெனவே தனித்துத் தெரியும் குழந்தை இன்னும் தனித்துத் தெரியும். ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று அதுவும், ‘அவளுக்கு ஏதோ பிரச்சினை’ என்று மற்றவர்களும் எண்ணிக்கொள்வார்கள். ஆகவே பாட வேளையைத் தொடாமல் மதிய உணவிலோ பள்ளி முடிந்த பிறகோ சந்திப்பதும், சில நாட்களில் தோழி ஒருத்தியை உடன் அழைத்துவர இடம் கொடுப்பதும், பல வகுப்புகளில் சிதறிக் கிடக்கும் கறுப்பினக் குழந்தைகளை மாதம் ஒருமுறையாவது ஒரே மேசையில் கூட்டி வைப்பதும் நல்ல முறைகள். கடைசியில் சொன்னதன் பயன் பெரிது. ஒரே பள்ளியில் இரண்டாம் வகுப்பில் ஒருத்தியும் நான்காம் வகுப்பில் ஒருவனும் இருந்து, ஒருவரையொருவர் அறியாமலேயே ஆண்டு கழிந்துவிடக்கூடும். அவர்களை அறிமுகப்படுத்தி வைத்தாலே வழித்துணை வராத நாட்களிலும் அவர்களுக்குத் துணை கிடைத்துவிடுகிறது.

சந்திப்பில் இனத்தைப் பற்றிப் பேச வேண்டுமா? புதிதாகச் சேரும் மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுவே. கறுப்பினக் குடும்பங்கள் தம் குழந்தைகளை இன வேறுபாடு நிறைந்த உலகத்துக்கு எப்படி ஆயத்தப்படுத்துகின்றன என்பதை ஆராய்ந்த டயான் ஹியூஸ் முதலிய உளவியலாளர்கள், 2006-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் அதில் பல இழைகளைப் பிரித்துக் காட்டினார்கள். தம் மரபையும் முன்னோரையும் பெருமையோடு கற்பித்தல் ஒன்று. பாகுபாடு நேரும், அப்போது இப்படி நடந்துகொள் என்று முன்கூட்டிச் சொல்லி வைத்தல் மற்றொன்று. பிறரை நம்பாதே என்று எச்சரித்தல், எல்லாரும் ஒன்றே என்று மட்டும் சொல்லி இனப்பேச்சைத் தவிர்த்தல் ஆகியவை வேறு இரண்டு. மரபுப் பெருமையைக் கற்பித்தல் குழந்தையின் தன்மதிப்புக்கு நன்மை செய்கிறது என்பதே ஆய்வுகளில் அடிக்கடி தென்படும் முடிவு. வழித்துணையாக வருபவர் தம் இடத்தை அங்கேதான் தேடிக்கொள்ள வேண்டும். எச்சரிப்பது எப்போது, எந்த அளவுக்கு என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய விட்டுவிடலாம். வீட்டில் அந்தப் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது முறை.

எடுத்துக்காட்டாக, விளையாட்டு இடைவேளையில் ‘உன் தோல் மண் நிறத்தில் இருக்கிறது’ என்று ஒரு பையன் சொன்னதாகக் குழந்தை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அதெல்லாம் பெரிதுபடுத்தாதே’ என்று சொல்லிவிட்டால், இனி அது சொல்லாது. உடனே கோபத்தோடு எழுந்து தலைமையாசிரியரிடம் ஓடினாலும், அடுத்த முறை சொல்லத் தயங்கும். ‘அவன் அப்படிச் சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் காத்திருந்து, ‘எனக்கும் உன் வயதில் ஒருவன் அப்படிச் சொன்னான், அவன் சொன்னது தவறு’ என்று தெளிவாகச் சொல்வது வேறு வகை. பின்பு ஆசிரியரிடம் சொல்லலாமா, யார் சொல்வது என்று குழந்தையையும் கேட்டு முடிவு செய்யலாம். குழந்தைக்குத் தீங்கு நேரும் நிலை என்றால் பள்ளி ஆலோசகரிடம் தெரிவிப்பது கட்டாயம். அதை இரகசியமாகக் காப்பேன் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இவையெல்லாம் எப்போதோ வரும் பேச்சுகள். பெரும்பாலான வாரங்களில் தொலைந்துபோன பல்லைப் பற்றியும், தம்பி செய்த குறும்பைப் பற்றியும், கல்லூரி விடுதியில் இரவு எத்தனை மணிக்குத் தூங்கலாம் என்பதைப் பற்றியும்தான் பேச்சு நடக்கும். அதில் எந்தக் குறையும் இல்லை. கறுப்பின மாணவி ஒருவர் உயிரியல் தேர்வுக்குப் படிப்பதாகப் போகிற போக்கில் சொல்வதே குழந்தையின் மனத்தில் ஒரு படமாக நின்றுவிடும். இதற்கு நேரடி ஆய்வு அல்ல என்றாலும், நெருங்கிய சான்று ஒன்று இருக்கிறது. டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய வகுப்பளவு ஆய்வில் குழந்தைகள் குலுக்கல் முறையில் ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்தப் பதிவுகளைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்த சேத் கெர்ஷன்சன் முதலிய பொருளியலாளர்கள், மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தைகள் பிற்காலத்தில் கல்லூரியில் சேரும் வாய்ப்பு, அப்படிப் படிக்காத கறுப்பினக் குழந்தைகளைவிட 13 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். ஆசிரியர் நாள்தோறும் இருப்பவர். வழித்துணை வாரம் ஒருமணி நேரம் வருபவர். அதே பயனை எதிர்பார்ப்பது நேர்மையாகாது. ஆனால் சிறு வயதில் கண்ட ஒரு முகம் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் எடுக்கும் முடிவிலும் எட்டிப் பார்க்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

வழித்துணை கறுப்பினத்தவராகத்தான் இருக்க வேண்டுமா? பிறர் வருவதால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன்; பார்பரா ஹென்றியும் ராபர்ட் கோல்ஸும் வெள்ளையர்களே. ஆனால் நம் சிறுமிக்குக் கிடைக்காமலிருப்பது இன்னொரு அன்பான பெரியவர் மட்டுமல்ல, தன்னைப் போன்ற ஒருவர். அதை வேறு யாராலும் தர இயலாது. அமெரிக்காவில் வளர்ந்து கல்லூரிக்குச் செல்லும் தமிழ் இளைஞர்கள் சிலர், தாமும் பழுப்பு நிறத்தவர்தானே என்று இத்தகைய திட்டங்களில் சேர முன்வருவதுண்டு. விருப்பம் நல்லது, ஆயினும் குடியேறியவர் பிள்ளையின் அனுபவமும், அடிமை முறையிலிருந்தும் அதன் பின்வந்த சட்டங்களிலிருந்தும் மீண்டவர்களின் வழித்தோன்றலுக்கு நேரும் அனுபவமும் ஒன்றல்ல என்பதை முதலில் கற்றுக்கொண்டு சேர வேண்டும். அதே புறநகர்களில் வீடு வாங்கி வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: நம் குழந்தையின் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவள் அந்தச் சிறுமியாக இருக்கலாம், நிறத்தைப் பற்றி நம் வீட்டில் பேசுவதை அவள் நம் குழந்தையின் வாயிலாகக் கேட்கிறாள்.

பள்ளி நிர்வாகம் இந்த ஏற்பாட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கறுப்பின ஆசிரியரை ஏன் நியமிக்கவில்லை என்று பெற்றோர் கேட்டால், ‘வாரம் ஒருமுறை கல்லூரி மாணவர்கள் வருகிறார்களே’ என்று பதில் சொல்வது எளிது. பாடநூலில் கறுப்பினத்தவர் அடிமைகளாக மட்டுமே வருவதையும், தண்டனைப் பதிவேட்டில் ஒரே இனத்துக் குழந்தைகளின் பெயர் மீண்டும் மீண்டும் வருவதையும் திருத்த வேண்டியவர்கள் சம்பளம் வாங்கும் பெரியவர்கள். அந்த வேலை இருபது வயது மாணவருடையது அல்ல.

இனி, இந்த ஏற்பாடு பயன் தருவதையும் புண்படுத்துவதையும் தீர்மானிக்கும் கூறுக்கு வருகிறேன். அது காலம். ‘பெரிய அண்ணன், பெரிய அக்கா’ என்று பொருள்படும் பெயரில் நூறாண்டுக்கும் மேலாக இயங்கும் அமெரிக்க அமைப்பின் பதிவுகளை ஆராய்ந்த ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட முடிவு, இந்தத் துறையில் உள்ள அனைவரும் மனத்தில் இருத்த வேண்டியது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில் இளையோர் அடைந்த நன்மை மிகுதி. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் அவர்களின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. அதாவது, சில வாரம் வந்து நின்றுவிடுவதைவிட வராமலே இருப்பது குழந்தைக்கு நல்லது. அதே அமைப்பின் பள்ளிசார் திட்டத்தைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்விலும், முதற்கல்வியாண்டில் படிப்பில் கிடைத்த முன்னேற்றம், சந்திப்பு தொடராத குழந்தைகளிடம் அடுத்த ஆண்டில் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது.

கல்லூரி மாணவருக்கு இது எளிதான நிபந்தனை அல்ல. கல்லூரியின் பருவம் செப்டம்பரை ஒட்டித் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். சனவரி இறுதியில்கூட அடுத்த பருவம் தொடங்கலாம். மே மாதத்தில் வளாகம் காலியாகிவிடும். தொடக்கப்பள்ளியோ ஜூன் வரை நடக்கும். தேர்வு வாரத்தில் மாணவர் வராமல் போவார். அந்த வியாழக்கிழமை உணவுக்கூட வாசலையே பார்த்துக்கொண்டு குழந்தை உட்கார்ந்திருக்கும். ஒரு பருவத்துக்கு மட்டும் ஆள் சேர்க்கும் திட்டங்களை நான் ஆதரிக்க மாட்டேன். குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டு, முடிந்தால் இரண்டு ஆண்டுகள் என்று ஒப்புக்கொள்பவரையே எடுக்க வேண்டும். அதனால் இறுதியாண்டு மாணவரைவிட இரண்டாமாண்டு மாணவரைத் தேர்வது நல்லது. வராத வாரத்தை முந்தின வாரமே நாட்காட்டியில் குழந்தையின் கையாலேயே குறிக்கச் செய்வது, டிசம்பர் விடுமுறையிலும் கோடையிலும் பள்ளி வழியாக அஞ்சலட்டை அனுப்புவது போன்றவை சிறிய செயல்கள். ‘அவர் என்னை மறந்துவிட்டார்’ என்று அது எண்ணாமல் இருக்க அவை போதும்.

பட்டம் பெற்று ஊரைவிட்டுப் போகும் நாளும் வந்தே தீரும். அதைக் கடைசி வாரத்தில் அறிவிப்பது கூடாது. குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னரே சொல்லி, இன்னும் எத்தனை சந்திப்பு என்று சேர்ந்து எண்ணி, அடுத்து வரப்போகும் மாணவியைக் கடைசி மூன்று நான்கு வாரங்களுக்கு உடன் அழைத்து வர வேண்டும். மூவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். இவ்வளவு நாளும் இருவர் ஆடிய சீட்டாட்டத்தின் விதிகளைப் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அந்தச் சிறுமியுடையது. அவள் விளக்கி முடிக்கும்வரை மற்ற இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.